பதிலி வந்தால்தான்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டே டீச்சர்கள். நான் தலைமை ஆசிரியை. தலைமை என்றதும் தனி அறை, சுழல் நாற்காலி என்று யாரும் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் தலையில், மற்ற மூன்றும் இன்னொருத்தி தலையில். நடுவில் ஒரு பீரோ நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் அவள் வகுப்பு, இந்தப் பக்கம் என் வகுப்பு. கீழ்பென்னாத்தூர் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்து வரவேண்டிய ஊர். ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்தி தொண்டை கட்டும்வரை கத்த வேண்டும்.

அவள் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரி. அந்தக் கோடியில் காலியிடம் இல்லை, இந்தக் கோடியில் இருக்கிறது என்று வேலை கிடைத்தபோதே இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். வந்த புதிதில் அவள் பேசுவது எனக்கே பாதிதான் புரியும். ஒரு பையனைப் பார்த்து, "மக்களே, இங்க வா" என்பாள். மொத்த வகுப்பும் எழுந்து போய் அவள் முன்னால் நிற்கும். இப்போது எங்கள் ஊர்ப் பசங்கள் ஆட்டுக்குட்டியைக்கூட மக்களே என்றுதான் கொஞ்சுகிறார்கள். அவள் வகுப்பில் அழுதுகொண்டு நுழைகிற குழந்தை மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கிறபோது பாடிக்கொண்டு வெளியே வரும். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் வகுப்பில் பாடிக்கொண்டு நுழைகிறவன்கூட முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் போவான்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை, ஊரில் புருஷனிடமும் மாமியாரிடமும் வளர்கிறது. புருஷனுக்கு அங்கே சொந்தமாகக் கடை, அதை விட்டுவிட்டு வர முடியாது. பிரசவ லீவு முடிந்து அவள் திரும்பி வந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். மார்பில் பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட்டெல்லாம் நனைந்து, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "எப்பிடியாவது எனக்க பிள்ளைய ஒண்ணாங் கிளாஸ்ல சேக்கிறதுக்குள்ள ஊருக்குப் போயிரணும் டீச்சர். இங்க இத்தன பிள்ளைகளுக்கு நான் கையப் பிடிச்சு அ போட வைக்கேன். அவளுக்கும் நான்தான் செய்யணும்." ஆசை என்றால் இதுதான், வேறு எதுவும் அவள் கேட்டதில்லை. இந்த ஜூனில் அந்தக் குழந்தைக்கு ஒண்ணாங் கிளாஸ்.

போன வருஷம் கலந்தாய்வில் அவளுக்கு மாறுதல் கிடைத்துவிட்டது. சொந்தத் தாலுகாவிலேயே, வீட்டிலிருந்து ஒரே பஸ். ஆர்டரை எடுத்துக்கொண்டு வந்து பீரோவுக்குப் பின்னால் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. அப்புறம்தான் அடியில் இருந்த வரியைப் படித்தேன். ஈராசிரியர் பள்ளி என்பதால் பதிலி வந்து சேர்ந்த பிறகே விடுவிக்க வேண்டும் என்று இருந்தது. அதாவது அவளுக்குப் பதிலாக ஒருவர் இங்கே வந்து கையெழுத்துப் போடும்வரை அவள் இங்கிருந்து நகர முடியாது. விடுவிக்க வேண்டியவள் நான்தான். பிடித்து வைத்திருக்க வேண்டியவளும் நான்தான். என்ன பிழைப்பு இது!

பதிலி சும்மா வந்துவிடுமா? ஒருத்தர் வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "பஸ் எத்தனை மணிக்கு மேடம்?" என்று கேட்டார். சொன்னேன். "டவுனிலிருந்து வர்றது கஷ்டம் போலிருக்கே," என்றார். அவ்வளவுதான், ஆளைக் காணோம். அவருக்கு வேறு எங்கேயோ மாற்றுப்பணி போட்டுவிட்டார்களாம். அதற்குப் பிறகு கிணற்றில் போட்ட கல்தான். கல்வி ஆபீசுக்குப் போன் பண்ணினால், "பாத்துக்கினுதான் இருக்கோம் மேடம்" என்பார்கள். என்னத்தைப் பார்த்தார்களோ!

பொங்கல் முடிந்து ஒரு நாள் ஆபீசிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். பக்கத்து ஊரில் வாக்கப்பட்ட ஒரு டீச்சர், இந்தப் பள்ளிக்கூடமே போதும் என்று கேட்டு வருகிறார், ஆண்டு விழா முடிந்த மறுநாள் வந்து சேர்ந்துவிடுவார் என்றார்கள். அவள் உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் குழந்தையையும் கூட்டிக்கொண்டு விழாவுக்கு வருவது, மறுநாள் எல்லோருமாக மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவது என்று முடிவானது. ரயில் டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. இந்த ஊரில் மட்டும் மூச்சு விடுவதில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். முன்னாடியே தெரிந்தால் தனியார் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன் தெருமுனையில் வந்து நின்றுகொள்ளும். டீச்சர் போகிறார் என்றால் பிள்ளைகளையும் எடுத்துவிடுவார்கள். அதைவிட, தெரிந்தால் பிள்ளைகள் விழாவில் ஆட மாட்டார்கள். அவள்தான் சொன்னாள், "ஆடி முடியட்டும் டீச்சர், நானே மைக்ல சொல்லியிருதேன்."

எங்கள் ஊர் ஆண்டு விழா என்றால் ஆண்டு விழா மட்டும் இல்லை, அன்றைக்குத்தான் சீரும் வரும். கல்யாணப் பெண்ணுக்குச் சீர் கொண்டுபோகிற மாதிரி ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுவருவார்கள். முன்னால் மேளம், பின்னால் தட்டு தட்டாகச் சாமான்கள். பாய், குடம், மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி, சுவர்க் கடிகாரம் எல்லாம். தேதி குறிக்கிறதிலேயே பெரிய ரகளை. பௌர்ணமி கூடாது, மேளக்காரர், மைக்செட்காரர் எல்லோரும் கிரிவலத்துக்குப் போய்விடுவார்கள், பஸ்ஸும் கிடைக்காது. அமாவாசை கூடாது, முகூர்த்த நாள் கூடாது. இத்தனையும் கழித்து மிச்சம் இருந்த ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்துக் கொடுத்தது எங்கள் மேலாண்மைக் குழுத் தலைவி. நாலாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய அம்மா. களை வெட்டப் போகிறபோதும் இடுப்பில் செல்போனைச் செருகிக்கொண்டு போகிற ஆள், ஊரில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை என்றாலும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிற ஆள். தங்கமான மனுஷி. அதுதான் வினையாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. வரப்போகிற டீச்சருடைய வீட்டுக்காரர், வண்டி வருகிற பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சாயங்காலம் ஊருக்கு வந்திருக்கிறார். பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம் இல்லையா? டீக்கடையில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டே, "எங்க வீட்டம்மாவைத்தான் இந்த ஸ்கூலுக்குப் போட்டிருக்காங்க, இருக்கிற டீச்சரைத் தூக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது ஊருக்குள் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கு மத்தியானம்தான் பிள்ளைகள் ஒத்திகையில் ஆடுகிறதைப் பார்த்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சத்துணவு அக்கா பார்த்திருக்கிறாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். டீச்சரை யாரோ வேண்டுமென்றே மாற்றிவிட்டார்கள், பாவம், சொல்லவும் முடியாமல் அழுகிறது என்று.

எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நாங்கள் தடுத்துவிடுவோமாம், அரசாங்க உத்தியோகம், எங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமாம். அவ்வளவு கரிசனம்!

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். வாசலில் தாய்மார் ஒருத்தரும் இல்லை. யார் வீட்டிலோ விசேஷம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மத்தியானம் தாண்டி ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு தாய்மார்கள், அவர்கள் மடியில் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள். தலைவி முதல் ஆளாகக் குதித்து இறங்கி ஓடி வந்தாள். "டீச்சர், கல்வி ஆபீஸ்ல மனு குடுத்துட்டு வந்துட்டோம். எங்க டீச்சரை மாத்தக் கூடாதுன்னு பசங்கள வுட்டே சொல்ல வச்சோம். ஆபீசருக்கே கண்ணு கலங்கிடுச்சு. அங்கியே போன் போட்டு நிறுத்தி வச்சுட்டாரு. இனிமே எவன் வந்தாலும் உங்கள அசைக்க முடியாது!" என்றாள் தலைவி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. வேர்வையில் குளித்திருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

நான் எங்கள் டீச்சர் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பை நான் எங்கே போய்ச் சொல்வேன்! "எதுக்கு இந்த வெயில்ல?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்து ஊற்றினாள்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து போன். "ஊர் ஜனங்க எவ்ளோ பாசமா கீறாங்க, நீங்க குடுத்து வச்சவங்க மேடம்" என்று ஆரம்பித்தார்கள். வரவேண்டிய டீச்சருக்கு வேறு ஒரு பள்ளிக்கூடம் கொடுத்தாகிவிட்டது, அவரும் சந்தோஷமாக அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார் என்றார்கள். மறுநாளே நேரில் போனேன். அந்தப் பொண்ணுக்கே போகத்தான் ஆசை, ஊர்க்காரர்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று மேஜைக்கு மேஜை சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். "மாறுதல் ரத்து ஆகல மேடம், அப்படியேதான் இருக்கு. பதிலி வந்தா அனுப்பிடுங்க" என்றார்கள். பதிலியைத்தானே நேற்று திருப்பி அனுப்பினீர்கள் என்று கத்திவிட்டேன். கத்தி என்ன புண்ணியம்? ஒருத்தர் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அந்த டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

"ஊர்ல சொல்லிடலாம், நான் சொல்றேன்" என்றேன் அவளிடம். வேண்டவே வேண்டாம் என்றாள். "ஒரு நாள் கூலிய விட்டுட்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கிட்டு போயிருக்காங்க டீச்சர். அவங்க முகத்தப் பாத்து எனக்குப் போகணும்னு எப்பிடிச் சொல்லுவேன்? சொன்னாலும் அந்த டீச்சர் திரும்பி வரப்போறாளா?" என்றாள். வரமாட்டார்தான். எனக்கு அவள் மேல் கோபம், ஊர் மேல் கோபம், வடை தின்ன அந்த மனுஷன் மேல் சொல்ல முடியாத கோபம். ஆனால் அடித்துத் திட்டுகிற மாதிரி ஒருத்தராவது கெட்டவராக இருக்க வேண்டாமா? ஒருத்தரும் இல்லை.

வெள்ளிக்கிழமை விழா ஜோராக நடந்தது. பந்தல், மைக்செட், கலர் லைட்டு. சீர் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது, போன வருஷத்தைவிட ஜாஸ்தி. அவள் புருஷன் வந்திருந்தார், அமைதியான மனுஷன். டிக்கெட் போட்டது போட்டதுதான், குழந்தை அம்மாவைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குழந்தை புது கவுன் போட்டுக்கொண்டு முன் வரிசையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாம் வகுப்புப் பெண்கள் கரகம் வைத்து ஆடினார்கள், ஒருத்தியுடையது கீழே விழுந்தது, டீச்சர் அதை எடுத்து மறுபடியும் அந்தப் பெண் தலையில் வைத்துவிட்டாள். தலைவி மைக்கைப் பிடித்து, "இது எங்க ஊட்டுப் பொண்ணு, எங்கியும் வுட மாட்டோம்" என்று சொல்லி அவளுக்குப் பட்டுப்புடவை போர்த்தினாள். விசில் பறந்தது. நன்றி சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள். மைக்கில் சொல்லிவிடுகிறேன் என்று சொன்னவள் மைக் முன்னால் நின்று, "எல்லாருக்கும் நன்றி மக்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோதுதான் தலைவி அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கன்னத்தைக் கிள்ளி, "எங்க ஊரு நல்லா கீதில்ல பாப்பா? எப்போ ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்றேன்.

"நாளைக்கு," என்றது குழந்தை. "அம்மாவ கூட்டிட்டுப் போகத்தான் வந்தோம். எனக்கு ஒண்ணாங் கிளாஸ்ல சேரணும்ல்லா. அம்மாக்கு ஆர்டர் கிடைச்சாச்சு."

தலைவி குழந்தையை இறக்கிவிடாமலே என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், அப்போ அது கேட்டு வாங்கினதா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே அப்படியே பந்தல் காலில் சாய்ந்துகொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். பந்தியில் இருந்தவர்களெல்லாம் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். நான் பெற்றவளா பேயா, ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்தியதும் டீச்சர்தான். "விடுங்கக்கா, உங்களுக்குத் தெரியாதுல்லா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் புருஷனும் குழந்தையும் மட்டும் போனார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை அதே குட்டியானை, அதே தாய்மார்கள், மறுபடி மனு கொடுக்கப் போனார்கள். இந்தத் தடவை நானும் ஏறி உட்கார்ந்தேன். எங்கள் டீச்சரை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று கை கூப்பினார்கள். போன வாரம் கண் கலங்கின அதே அதிகாரி, எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "போன வாரம் அனுப்பக் கூடாதுன்னீங்க, இந்த வாரம் அனுப்பணும்ன்றீங்க. எதைம்மா நான் கேக்கறது?" என்றார். அப்புறம் பொறுமையாகவே விளக்கினார். இரண்டாவது டீச்சர் இல்லாமல் அத்தனை பிள்ளைகளை ஒருத்தரை நம்பி விட முடியாது, பதிலி வந்தால் அன்றைக்கே அனுப்பலாம், இப்போதைக்கு ஆள் இல்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். என் பிள்ளைக்குப் பாடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பிவிடுங்கள் என்று தலைவி சொன்னாள். "அப்படிச் சொல்லக் கூடாதும்மா" என்றார் அவர்.

தலைவி விடவில்லை. தெரிந்த டீச்சர்மார், தெரிந்தவருக்குத் தெரிந்த டீச்சர்மார் என்று ஒருத்தர் விடாமல் கேட்டுப் பார்த்தாள், எங்கள் ஊருக்கு வாங்க, தங்க வீடு நாங்கள் பார்த்துத் தருகிறோம் என்று கெஞ்சினாள். வருகிறேன் என்று சொன்னவர்களும் வரவில்லை. கோடை லீவில் டீச்சர் தன் ஊருக்குப் போய்விட்டு, லீவு முடிய மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அதை வேறு எப்படிச் சொல்வது? வந்து சேர்ந்தாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒன்று விடாமல் அழுதன. ஒரு பையன் வாசல் கம்பியைக் கட்டிக்கொண்டு உள்ளே வரவே மாட்டேன் என்றான். அவனை அவள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள், இன்னொன்று அவள் முந்தானையைப் பிடித்துத் தொங்கியது. பீரோ மேல் இருந்த அவள் போன் அடித்தது, வீடியோ கால். பார்த்தாள். எடுக்கக் கை இல்லை. "நீங்க எடுங்க டீச்சர்," என்றாள்.

எடுத்தேன். யூனிபார்மில், இரட்டைப் பின்னலோடு, ஏதோ ஒரு பள்ளிக்கூட வாசலில் குழந்தை நின்றது. அழுது முடித்த முகம். யாரோ போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா எங்க?"

"அம்மா கிளாஸ்ல இருக்காங்க கண்ணு."

"எந்தக் கிளாஸ்ல?"

"ஒண்ணாங் கிளாஸ்ல."

குழந்தை என்னையே பார்த்தது. எனக்குப் பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம் அதற்கும் கேட்டிருக்கும்.

"நானும் ஒண்ணாங் கிளாஸ்தான்," என்றது.